வடிவான தமிழ்

சிம்மக்கல்லில் எங்கள் காம்பவுண்டில் குடித்தனங்கள் பல. ஆனால் எது இனிமையான பேச்சு, எது நாராசம் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை என் பெரியப்பா ஒருவருக்குத்தான். அவர் என்ன தமிழ் வித்துவானா? மில் ஆபீசில் குமாஸ்தா. சாயங்காலம் ரேடியோவைத் திருகி, இலங்கையிலிருந்து வரும் குரலைப் பிடித்துவிட்டால் கண்ணை மூடிக்கொள்வார். "கேளுங்கடா, இதுல்ல தமிழு! நாம பேசுறதெல்லாம் ஒரு பேச்சா?" என்பார். நாங்களும் கண்ணை மூடிக்கொள்வோம்.

இனிமைக்கு ரேடியோ என்றால் நாராசத்துக்குக் கீரைக்காரம்மா. சோழவந்தான் பக்கமிருந்து காலை பஸ்ஸில் வருவார். கட்டைத் தொண்டை. நலம் விசாரித்தாலே சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். அவர் தெருமுனையில் குரல் எடுத்தால் தூளியில் கிடக்கும் பிள்ளை வீறிட்டு அழும். "காதுல ஈயத்தக் காய்ச்சி ஊத்துறா" என்பார் பெரியப்பா.

எண்பதுகளில், கலவரத்துக்குத் தப்பிப் படகேறி வந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் கைக்குழந்தையோடு எங்கள் மாடி அறைக்குக் குடிவந்தார். படகேறும் இடத்தில், கூட்டத்தில், கணவர் பிரிந்துபோயிருந்தார். பின்னால் வந்த படகில் ஏறினாரா என்பது யாருக்கும் தெரியாது.

பெரியப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ரேடியோவே வீட்டுக்குக் குடிவந்துவிட்டதே! ஆபீஸ் சிநேகிதர்களையெல்லாம் கூட்டிவந்தார். அத்தை காபி கொடுத்து அக்காவை உட்கார வைத்து, "ஒங்க ஊர்ல நடந்ததச் சொல்லும்மா" என்பாள்.

"எங்கட வீட்டை எரிச்சுப் போட்டாங்கள். ஓடி வரேக்க இவரைத் தவற விட்டிட்டன். இருக்கிறாரோ இல்லையோ எண்டும் தெரியேல்லை" என்பார் அக்கா.

"'எண்டு'ங்குது பாருங்கய்யா! இன்னொருக்கா சொல்லும்மா" என்பார் பெரியப்பா.

நாங்கள் சொக்கிப்போவோம். அழகு என்பதற்கு அக்கா 'வடிவு' என்பார். சட்டை வடிவு, தோசை வடிவு என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அக்காவின் காபி மட்டும் ஆறிப்போய்க் கிடக்கும்.

ஒருநாள் காலை கீரை வாங்க மாடியிலிருந்து இறங்கி வந்த அக்காவை, "ஏத்தா, ஒம் புருசன எங்க?" என்று கீரைக்காரம்மா கேட்டார். அக்கா அதே கதையைச் சொன்னார். கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைத்தார்.

"பேரென்னத்தா? ஆளு எம்புட்டு ஒசரம்? எம் மகன் மண்டபம் கேம்புக்கு லாரியில அரிசி ஏத்திட்டுப் போறவன். விசாரிச்சு வரச் சொல்றேன்" என்று கத்தினார். மெல்லப் பேச அவருக்கு வராது.

அடுத்த வாரம் தகவல் வந்தது. அதையும் கத்தித்தான் சொன்னார். "அந்தப் பேருல ஆரும் வந்து எறங்கலயாம்த்தா. அதுக்காக ஒடிஞ்சு போயிராத. படகு வந்துக்கிட்டுத்தான் இருக்காம். போறப்பல்லாம் கேக்கச் சொல்லியிருக்கேன்."

அக்கா அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். எங்கள் முன்னால் அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. பெரியப்பா பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம், அக்காவை எப்படியாவது சிரிக்க வைக்க வேண்டும் என்று அத்தை கீரைக்காரம்மாவைப் போலவே கத்திக் காட்டினாள். "ஒடிஞ்சு போயிராதத்தா!" காம்பவுண்டே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"அவவின்ர தமிழ் நல்ல வடிவு" என்றார்.

கேலி செய்கிறார் என்று நினைத்து எல்லோரும் இன்னும் உரக்கச் சிரித்தார்கள். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அதில் கேலி இல்லை. எனக்கு ஒரே குழப்பமாகப் போயிற்று. அடுத்த முறை கீரைக்காரம்மா வந்தபோது வாசலில் போய் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பெரியப்பாவைப் போலக் கண்ணைக்கூட மூடிப் பார்த்தேன். கட்டைத் தொண்டை அதே கட்டைத் தொண்டைதான். வடிவு எங்கே இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

பின்னால் தடதடவென்று சத்தம் கேட்டுத் திரும்பினேன். அந்தக் குரல் காதில் விழுந்ததுமே அக்கா குழந்தையை இடுக்கிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல், மாடிப்படியில் ஓடி வந்துகொண்டிருந்தார். எங்கள் ரேடியோவுக்குக்கூட நாங்கள் யாரும் அப்படி ஓடியதில்லை.