ஜூலியா எடுத்த சீட்டு

கம்ப்யூட்டர் பட்டனை அமுக்குவதற்கு முன் ஜூலியா சிலுவை போட்டுக்கொள்கிறார். திரையில் விண்டோஸ் வந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வருகிறது. தியாகதுருகம் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய அந்தச் சின்னக் கடையில் இது தினசரி வழிபாடு. என் தங்கை மகளின் காதணி விழாவுக்குப் பத்திரிகை அடிக்கப் போய் இந்த வாரம் மூன்று முறை பார்த்துவிட்டேன்.

அவர் எந்தப் பத்திரிகையையும் புதிதாகத் தொடங்குவதில்லை. பழையதைத் திறந்து அதன்மேலேயே புதுப் பெயர்களை அடிப்பார். களமருதூர்க் கல்யாணப் பத்திரிகை ஒன்றில் போன வருடத்து மாப்பிள்ளையின் பெயர் அப்படியே நின்றுவிட, பெண் வீட்டார் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். இன்னொரு நாள் பழையதையே தொலைத்தார். "மேல எழுதினா கீழ இருந்தது போச்சு சார்" என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பத்திரிகைகள் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டன. கடை நடப்பதே பெரும்பாடு. முப்பத்தொன்பது வயதில், ஆன்லைனில் படித்து, சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார். சர்வர்களை வீட்டிலிருந்தே கவனிக்கும் வேலை. அவர்கள் கொடுத்த பயிற்சியை, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸில் செய்து சனிக்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும். இருப்பதோ ஒரே கம்ப்யூட்டர். பத்து வருடப் பத்திரிகைகளும் பழைய எழுத்துருக்களும் அதிலுள்ள விண்டோஸில்தான்.

"நாலு வீடியோ பாத்தேன். நாலு பேரும் நாலு வழி சொல்றானுங்க. ஒருத்தன் விண்டோசுக்குள்ளயே வெச்சிக்கோங்கறான். ஒருத்தன் கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டராம், பொட்டிக்குள்ள பொட்டிங்கறான். இன்னொருத்தன் டிஸ்க்க ரெண்டா பிரிங்கறான். வூடா இது, பங்கு பிரிக்க? கடைசி ஆளு பென் டிரைவ்லயே ஓட்டிக்கோங்கறான். யோசிச்சிகினே இருக்கேன், தல சுத்துது."

கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பிரவீன்குமார், முதல் இரண்டு வழிகளையும் இந்தப் பழைய இயந்திரம் தாங்காது என்றுவிட்டார். மீதி இரண்டு: டிஸ்க்கைப் பிரிப்பது, அல்லது பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டுவது.

வியாழக்கிழமை ஜூலியா இரண்டு சீட்டு எழுதி, ஜெபமாலை டப்பாவில் போட்டுக் குலுக்கி, மாதா படத்தின் முன் ஒன்றை எடுத்தார். 'பிரி' என்று வந்தது.

"நான் சரியா வேண்டிக்கல போல" என்று மடித்து உள்ளே போட்டு மறுபடி எடுத்தார். பென் டிரைவ் வந்தது. "பாத்தீங்களா சார், மாதாவே சொல்ட்டாங்க!"

வெள்ளிக்கிழமை காலை பத்திரிகை வாங்கப் போனபோது அவர் கண் சிவந்திருந்தது.

"பென் டிரைவ்ல போட்டா ஒண்ணும் அழியாதுன்னாங்க. நேத்து முழுக்க செஞ்சேன். அணைச்சி மறுபடி போட்டா ஒண்ணுமே இல்ல. இன்னா சார் இது?"

அழியாது என்று சொன்னது விண்டோஸை. பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ், அணைத்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்காக வெட்கமும் பட்டேன்.

மிச்சமிருந்தது முதல் சீட்டு சொன்ன வழிதான், டிஸ்க்கைப் பிரிப்பது. பிரவீன்குமாரிடம் இரவல் வாங்கிய வேறொரு டிஸ்க்கில் பத்திரிகைகளையெல்லாம் நகல் எடுத்து முடித்திருந்தார். ஆனாலும் பயம் போகவில்லை. "காப்பி சரியா ஏறிச்சோ இல்லியோ?" என்று மூன்று முறை திறந்து பார்த்தார். லினக்ஸை ஏற்றும் திரையில் கேள்வி காத்திருந்தது: விண்டோஸின் பக்கத்தில் லினக்ஸை வைக்கவா, எல்லாவற்றையும் அழித்துவிட்டு வைக்கவா? அம்புக்குறி இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வந்தது.

"பக்கத்துலன்னு தான சார் போட்டுருக்குது? நீங்க ஒரு வாட்டி படிங்க."

படித்துச் சொன்னேன். "இன்னொரு வாட்டி" என்றார். மறுபடியும் படித்தேன்.

வழக்கம்போலச் சிலுவை போடக் கையைத் தூக்கியவர், பாதியில் நிறுத்தினார். மேசைக்கடியில் குனிந்து, பரீட்சைக்குப் போகும் பிள்ளையின் நெற்றியில் போடுவதைப்போல, அந்தப் பழைய பெட்டியின்மேல் கட்டைவிரலால் சின்னதாக ஒரு சிலுவை வரைந்துவிட்டு நிமிர்ந்து, 'பக்கத்தில்' என்பதன்மேல் மவுஸ் பட்டனை அமுக்கினார்.