மூன்றாம் வளைவில் முழங்காலிட்டவர்

நோயாளிக்கு நற்கருணை கொண்டுபோகும் நாட்களில் மட்டும் எங்கள் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் ஒரு சிறிய வெண்கல மணியைக் கட்டுவேன். மற்ற நாட்களில் அது பூசை உடுப்புகள் இருக்கும் அறையில் ஓர் ஆணியில் தொங்கும். முன்பெல்லாம் சுவாமியார் நடந்து போகும்போது கோயில்பிள்ளை முன்னால் மணியடித்துக்கொண்டு போவார். வண்டி வந்தபிறகு யாரும் அடிக்க வேண்டியதில்லை. மலைப்பாதையின் குலுக்கலில் அது தானே ஒலித்தது.

நான் அப்போது கொடைக்கானலில் உபதேசியார், சனங்களுக்கு வேதம் சொல்லிக்கொடுப்பவன். கோயில் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பும் எடுத்தேன். பட்டாளத்தார் கழித்துவிட்ட அந்த வண்டியை ஓட்டுவதும் என் வேலைதான். சுவாமியாருக்கு இடது முழங்கால் மடங்காது; அதனால் பின்னால் உட்காருவார். எங்கள் சனங்கள் 'நன்மை' என்று சொல்லும் நற்கருணை அப்பத்தை வெள்ளிச் சிமிழில் வைத்து, பட்டுப்பையில் போட்டு, கழுத்தில் மாட்டி, அதன்மேல் கம்பளிக் கோட்டைப் பொத்தானிட்டுக்கொள்வார். அதற்குப் பிறகு நோயாளியின் வீட்டு வாசல்வரை அவர் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். கண்ணை மூடிச் செபித்துக்கொண்டே வருவார். மணிச்சத்தம் கேட்ட நம் சனங்கள் வழியோரத்தில் முழங்காலிடுவார்கள். நான் வேகத்தைக் குறைத்து, தலையைக் குனிந்து, நிறுத்தாமல் கடந்து போவேன். அதுதான் வழக்கம்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டத்தில் ஒரு கிழவர் சாகக் கிடக்கிறார் என்று முந்தின நாள் சாயங்காலம் ஆள் வந்தது. காலை ஆறு பத்துக்குப் புறப்பட்டோம். பெருமாள்மலையைத் தாண்டியதும் பனிமூட்டம் அடர்த்தியாகிவிட்டது. பத்தடிக்கு மேல் பாதை தெரியவில்லை. விளக்கைப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. அணைத்துவிட்டு இரண்டாவது கியரில் இறங்கினேன்.

மூன்றாம் வளைவில், பள்ளத்துப் பக்கம், ஒருவர் முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். நனைந்த வேட்டி, தலையில் துண்டு. இரண்டு கைகளையும் தலைக்குமேல் குவித்திருந்தார். வண்டி அவரைக் கடக்கும்போது எங்களுக்கிடையே மூன்றடி இருந்திருக்கும். நெற்றியில் திருநீற்றுப் பட்டை மூன்று, மழையில் கொஞ்சம் கரைந்திருந்தது. சத்தமாக ஏதோ சொன்னார். இன்ஜின் இரைச்சலிலும் மணிச்சத்தத்திலும் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. நான் தலையைக் குனிந்து கடந்தேன். என் மனம் பொங்கியது. நம் சனங்கள் முழங்காலிடுவதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். திருநீறு பூசிய ஒருவர், எங்கள் பேச்சில் ஓர் அஞ்ஞானி, நற்கருணைக்கு முழங்காலிட்டதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

தோட்டத்தில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துக்கு எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சாகக் கிடந்தவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

மருமகள் ஓடி வந்து, "ராத்திரி பூரா கண்ணத் தொறக்கல சாமி. வெள்ளனே எந்திரிச்சு கடுங்காப்பி கேக்குறாரு. எங்களுக்குத்தான் வெக்கமாக் கெடக்கு" என்றாள்.

கிழவர் சிரித்தார். "நன்மை வாங்கணும், அதனால இன்னும் வாயில வைக்கல சாமி. ஒங்க வண்டிச் சத்தத்தக் கேட்டா செத்தவனும் எந்திரிச்சு உக்காந்துருவான். இதுக்கு எதுக்கு எண்ணெயும் அவஸ்தைபூசுதலும்? ரெண்டு தரம் ஹாரன அடிச்சாப் போதும்."

"பேசாம இருங்க மாமா, சாமி முன்னால!"

அவர் சுவாமியாரிடம் தம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வதற்காக நாங்கள் எல்லோரும் வெளியே வந்தோம். அந்த நேரத்தில் சட்டைப்பையிலிருந்த சிறு நோட்டில் பென்சிலால் எழுதினேன்: "6.50. பெருமாள்மலைக்குக் கீழே மூன்றாம் வளைவு. அஞ்ஞானி ஒருவர் முழங்காலிட்டு நற்கருணையை வணங்கினார். சர்வேசுரனுக்குத் தோத்திரம்." கடைசி இரண்டு சொற்களுக்கும் அடியில் கோடு போட்டேன்.

கிழவர் நன்மை வாங்கினார். சிமிழ் காலியானதும் மணியை அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இனிப் பேசலாம். சுவாமியார் கையில் காப்பி டம்ளரைக் கொடுத்தார்கள். நான் காத்திருந்தது அந்த நேரத்துக்குத்தான்.

"சாமி, வர்ற வழியில ஒரு அஞ்ஞானி முழங்கால் போட்டுக் கும்பிட்டாரு. நெத்தியில மூணு பட்டை!"

வீட்டுப் பெண்கள் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை வரைந்துகொண்டார்கள். "பாத்தீங்களா, ஆண்டவர் ஆள் பாத்தா கூப்புடுறாரு?" என்றார் கிழவர்.

சுவாமியார் டம்ளரைக் கீழே வைத்தார். ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

"அவர் ஏன் முழங்கால் போடணும்?" என்று கேட்டார்.

எனக்குக் கேள்வி புரியவில்லை.

"பழனியில அவங்க கும்பிடுறதப் பாத்திருக்கீங்கதானே உபதேசியாரே? நின்னு கும்பிடுவாங்க. இல்ல, நெடுஞ்சாண்கிடையா விழுவாங்க. முழங்கால் போடுறது நாம. கை எப்படி இருந்துச்சு?"

"தலைக்கு மேல, சாமி. கும்பிட்டபடி."

"என்னமும் சொன்னாரா?"

"சத்தமா என்னமோ சொன்னாரு. செபம்னு நெனச்சேன்."

"நானும் ஒரு சத்தம் கேட்டேன்" என்றார். பிறகு, "வண்டிய எடுங்க. வெரசா" என்றார்.

அந்தப் பாதையில் நான் அதுவரை ஓட்டாத வேகத்தில் ஓட்டினேன். இரண்டு இடங்களில் பின்சக்கரம் சேற்றில் வழுக்கியது. சுவாமியார் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். வேகத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. மூன்றாம் வளைவுக்கு வரும்போது மணி ஒன்பதரை. மூட்டம் கலைந்து இளவெயில் அடித்தது. ரோட்டு வேலைக்காரர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். பாதை ஓரத்தில் கம்பளி போர்த்தி ஓர் உடல் கிடந்தது. பக்கத்தில், காலையில் பார்த்த அதே மனிதர் உட்கார்ந்திருந்தார். அவர் முழங்காலில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது.

ரோட்டு வேலைக்காரர் ஒருவர்தான் விவரம் சொன்னார். அண்ணனும் தம்பியும் மலைக்கிராமத்துப் பூண்டு விவசாயிகள். வத்தலக்குண்டு போகும் லாரியைப் பிடிக்க இருட்டோடு மூட்டை தூக்கி வந்திருக்கிறார்கள். மழையில் ஊறிய பாதை ஓரம் இடிந்து, அண்ணன் மூட்டையோடு இருபதடிக் கீழே ஓடைப்பாறையில் விழுந்துவிட்டார். மார்பில் அடி. பேச்சு இருந்திருக்கிறது. தம்பியால் ஒற்றையாளாகத் தூக்க முடியவில்லை. மேலே வந்து ரோட்டில் நின்றிருக்கிறார்.

"இன்னும் ரெண்டு ஆள் இருந்தா அப்பயே தூக்கியிருக்கலாம்ங்க. நாங்க சோலிக்கு வந்ததே எட்டு மணிக்கு மேல. மேல கொண்டாந்து படுக்க வெச்சோம். தண்ணி கேட்டாரு. குடுக்கறதுக்குள்ள..."

இரண்டு ஆட்கள். அன்று வண்டியில் இருந்ததும் இரண்டு ஆட்கள்தான்.

சுவாமியார் இறங்கினார். மடங்காத காலை ஒருபக்கம் நீட்டிக்கொண்டு, உடலின் பக்கத்தில் சேற்றில் முழங்காலிட்டார். தம்பி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப எதுக்கு சாமி முட்டி போடுறீங்க?"

சுவாமியார் கம்பளியின் ஓரத்தைச் சேற்றிலிருந்து எடுத்து உடல்மேல் போட்டார்.

"ஒங்களுக்கு முன்னால ஒரு லாரி போச்சு. கைய ஆட்டுனேன், நிக்கல. அப்புறம் மணிச் சத்தம் கேட்டுச்சு. நான் கொடைக்கானல்ல ஒங்க கோயில் தோட்டத்துல ரெண்டு வருசம் வேல பாத்தவன். சாமி வண்டின்னு தெரியும். சும்மா கைய ஆட்டுனா ஒங்க நேமத்துக்கு நிக்க மாட்டீங்கன்னு, ஒங்க ஆளுக மாதிரியே முட்டி போட்டுக் கேட்டேன். எங்கண்ணன் கெடக்காரு, எங்கண்ணன் கெடக்காருன்னு கத்துனேன்." என் பக்கம் திரும்பினார். "இவரு என் மூஞ்சியப் பாத்தாரு. பாத்துட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டாரு."

சரிவு முழுக்கப் பூண்டு சிதறிக் கிடந்தது. அதன் வாசனை அந்த ஈரத்தில் எங்கும் நின்றது. இன்றும் எங்கள் வீட்டில் பூண்டு உரித்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். காரணத்தை மனைவியிடம் சொல்லியிருக்கிறேன், பிள்ளைகளிடம் சொன்னதில்லை.

அடுத்த வாரம் நாங்கள் இருவரும் வத்தலக்குண்டுக்குப் போய், அங்கிருந்த சுவாமியாரிடம் தனித்தனியாகப் பாவசங்கீர்த்தனம் செய்தோம். முதலில் அவர் போனார், பிறகு நான். "அறியாமல் செய்தது பாவமாகாது" என்று அங்கே எனக்குச் சொல்லப்பட்டது. அறியாமலா? நம் சனங்களில் ஒருவர் முழங்காலிட்டிருந்தால் நான் முகத்தைப் பார்த்திருக்கவே மாட்டேன். இவருடைய நெற்றியைப் பார்த்தேன். மூன்று பட்டைகளையும் எண்ணினேன். அதற்குக் கீழே இருந்த கண்களை மட்டும் பார்க்கவில்லை. இதையும் சொன்னேன். மன்னிப்பும் கிடைத்தது. திரும்பும் வழியில் பேசத் தடை ஏதும் இல்லை. ஆனாலும் கொடைக்கானல்வரை நாங்கள் பேசவில்லை.

அதற்குப் பிறகு சுவாமியார் தானாக ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டார். நற்கருணையோடு போகும்போது வழியில் யார் முழங்காலிட்டாலும் என் தோளில் ஒரு தட்டுத் தட்டுவார். நான் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைப்பேன். "என்ன வேணும்?" என்று கேட்பார். முழங்காலிட்டவர்கள் திகைத்துப் போவார்கள்.

"ஒண்ணும் வேணாம் சாமி, கும்பிடத்தான்."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்லையே சாமி."

தலையாட்டிவிட்டு என் தோளில் மறுபடி தட்டுவார். இரண்டே மாதத்தில், "சாமி வண்டி டவுன் பஸ் ஆயிருச்சு, ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிக்குது" என்று கோயில் வாசலில் கேலி பேசினார்கள். அவர் காதிலும் விழுந்தது. மாற்றிக்கொள்ளவில்லை. இந்த நிறுத்தங்களால் ஒருமுறை ஒரு நோயாளிக்குக் கால்மணி நேரம் பிந்திவிட்டோம். அவர் நன்மை வாங்காமலே போய்விட்டார். அந்த வீட்டார் சுவாமியாரோடு பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதையும் அவர் சுமந்தார்.

அண்ணன் இறந்து ஒரு வருடம் கழித்து, தெளிவான ஒரு காலையில், அதே வளைவில் தம்பி நின்றிருந்தார். பஸ்ஸை மறிப்பதுபோல ஒற்றைக் கையை நீட்டினார். நிறுத்தினேன். அன்று மணி கட்டியிருக்கவில்லை. சுவாமியார், "என்ன வேணும்ப்பா?" என்றார்.

"ஒண்ணுமில்ல. நிக்கிறீங்களான்னு பாத்தேன்."

சொல்லிவிட்டு மேட்டுப் பாதையில் ஏறிப் போய்விட்டார். அதன்பிறகு வருடத்துக்கு ஒருமுறை, சில வருடம் இருமுறை, அதே வளைவில் கை நீட்டுவார். ஒவ்வொரு முறையும் நிறுத்துவேன். ஒவ்வொரு முறையும் அதே பதில்தான். சுவாமியார் மாற்றலாகிப் போய், போன இடத்தில் இறந்தும்விட்டார். தோட்டத்துக் கிழவர் அன்றைக்குப் பிறகு ஒன்பது கிறிஸ்துமஸ் பார்த்தார். லத்தீன் போய்ப் பூசையைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தார்கள்; வழியோரத்தில் முழங்காலிடுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். மணி ஆணியிலேயே தொங்குகிறது. தம்பி மட்டும் கை நீட்டுவதை விடவில்லை. நானும் நிறுத்துவதை விடவில்லை. இப்படியே என் பாக்கிக் காலமும் போய்விடும் என்று எண்ணியிருந்தேன்.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் பண்ணைக்காட்டிலிருந்து தனியாக மேலே வந்தேன். கடும் மூட்டம். ஒன்பதே முக்காலுக்கு வகுப்பில் வருகை எடுத்துக்கொண்டிருந்தபோது பள்ளி வாசலில் அவர் நின்றார். இத்தனை வருடத்தில் அங்கே அவர் வந்ததே இல்லை. தலை நரைத்துவிட்டது. வெளியே போனேன்.

"இன்னைக்குக் கைய நீட்டுனேன். நீங்க நிக்கல" என்றார்.

"மூட்டமா இருந்துச்சுங்க. சத்தியமா எனக்குத் தெரியல."

அவர் கோபப்படவில்லை.

"அன்னைக்குத் தெரிஞ்சுச்சு" என்றார்.

ஏரிப் பக்கம் இறங்கி நடந்தார். நான் வகுப்புக்குத் திரும்பி, விட்ட பெயரிலிருந்து வருகை எடுத்தேன்.

அந்தப் பழைய நோட்டை அன்று இரவு எடுத்துப் பார்த்தேன். பென்சில் எழுத்து மங்கவில்லை. அழிக்க ரப்பர் இருந்தது, அழிக்கவில்லை.

இப்போது மூட்டமுள்ள நாட்களில் மூன்றாம் வளைவு வந்ததும் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, இறங்கி நிற்கிறேன். "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்கிறேன். கீழே ஓடைச் சத்தம் கேட்கிறது. பள்ளத்து ஓரம்வரை நடந்து பார்த்துவிட்டு மறுபடி ஒருமுறை கேட்கிறேன். பிறகு வண்டியை உதைத்து எடுக்கிறேன்.

இன்றும் எழுதினேன்: "6.40. மூட்டம். மூன்றாம் வளைவு. நிறுத்தினேன். யாரையும் காணவில்லை." முதலில் "யாரும் இல்லை" என்றுதான் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டேன்.