வரகுக்கோழியும் பூமயில் டீச்சரும்

பூமயில் டீச்சருக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. மாவிலங்கேந்தல் பள்ளிக்கூடத்தில் அவருக்குப் போட்டிருந்த நாற்காலியில் பெரும்பாலும் வருகைப் பதிவேடுதான் உட்கார்ந்திருக்கும். கரும்பலகையிலிருந்து சன்னலுக்கும் சன்னலிலிருந்து வாசலுக்குமாக நடந்துகொண்டே பாடம் சொல்வார். பிள்ளைகளின் தலைகளும் கூடவே திரும்பும்.

நான்கு வருடத்தில் அது அவருக்கு மூன்றாவது பள்ளிக்கூடம். மாற்றல் கேட்டு எழுதிப் போடுவது அவரேதான். "ஒரு எடத்துல நிலைச்சு இருக்கக் கூடாதா?" என்று பரமக்குடியிலிருந்து அண்ணன் கடிதம் போட்டால், என்ன பதில் எழுதுவதென்று தெரியாது. ஊரில் ஒரு குறையும் இல்லை. தான் இல்லாத ஏதோ ஓரிடத்தில் ஏதோ ஒன்று தீர்ந்துபோய்க்கொண்டிருக்கிறது என்ற பதைப்பு அவருக்கு எப்போதும் உண்டு.

மதுரையில் ஆசிரியப் பயிற்சி படித்தபோது நூலகத்தில் ஓர் இங்கிலீஷ் புத்தகம் பார்த்திருந்தார். பக்கத்துக்கு ஒரு பறவையின் வண்ணப்படம். சில படங்களுக்குக் கீழே, இந்தப் பறவை இப்போது உலகில் இல்லை என்று ஒற்றை வரி இருந்தது. மற்றப் பெண்கள் புரட்டிவிட்டுப் போனார்கள். பூமயிலால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

1957 ஐப்பசியில் ஐந்தாம் வகுப்புக்கு அந்தப் பாடத்தை எடுத்தார். புத்தகத்தில் இல்லாத பாடம். டோடோவின் உருவத்தைச் சாக்கட்டியால் பலகை நிறைய வரைந்தார். ஆளில்லாத தீவில் இருந்த பறவை, பறக்கத் தெரியாது, மனிதனைக் கண்டு பயப்படவும் தெரியாது. கப்பல்காரர்கள் வந்து இறங்கி நூறு வருடம் ஆவதற்குள் ஒன்றுகூட மிச்சமில்லை என்றார்.

"பெறகு எங்கன போச்சு டீச்சர்?" என்று கேட்டாள் சோணையம்மாள். முன்வரிசைப் பெண்.

"எங்கயும் போகல. முடிஞ்சு போச்சு."

பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சாவு தெரியும். ஒரு பறவைச் சாதியே மொத்தமாகச் செத்துப்போகும் என்பது அன்றுதான் தெரிந்தது. பூமயில் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நம் பக்கத்திலும் வரகுக்கோழி என்று ஒன்று உண்டு, அதுவும் குறைந்துகொண்டே வருகிறது என்றார். "நானே கண்ணால பார்த்ததில்ல. ஒரு தடவை பார்த்துட்டாப் போதும். உங்கள்ல யாராச்சும் பார்த்தா எங்கிட்ட ஓடியாந்து சொல்லணும்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த ஆசை பிள்ளைகளுக்குப் பாடத்தைவிட நன்றாகப் புரிந்தது.

கார்த்திகையில் மழை ஓய்ந்திருந்த ஒரு திங்கட்கிழமை, முதல் மணி அடிப்பதற்கு முன்பே ஐந்தாம் வகுப்பு முழுவதும் வாசலில் நின்றது. நடுவில் சோணையம்மாள், தலையில் மூடிய ஓலைப்பெட்டி. பின்னால் அவளுடைய தகப்பனார் வீரபத்திரன். காடை, கவுதாரிக்குக் கண்ணி வைப்பவர்.

"டீச்சர், இந்தா, ஒங்களுக்குத்தான்!" என்று பெட்டியைத் திறந்தாள்.

நாட்டுக்கோழி அளவுதான் இருந்தது. நீண்ட கழுத்து, உலர்ந்த புல்லின் நிறத்தில் கறுப்புக் கீற்றுகள். கால்களைப் பனைநாரால் கட்டியிருந்தார்கள். அது திமிறவில்லை, கத்தவில்லை. ஒரு பக்கக் கண்ணால் பூமயிலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம். அதைப் பின்னாளில் அவர் மறைத்ததில்லை. ஒரு நொடி முழுச் சந்தோஷம். அடுத்த நொடி அதன் காலில் இருந்த கட்டு கண்ணில் பட்டது.

"நான் பார்க்கணும்னுதானே சொன்னேன். பிடிக்கச் சொல்லலையே?"

"பிடிக்காம எப்பிடித் தாயி பாக்கிறது?" என்றார் வீரபத்திரன். "மனுச நெழல் பட்டாலே பயிருக்குள்ள ஓடிப் பதுங்கிரும். டீச்சர் கேட்டாக, டீச்சர் கேட்டாகன்னு பிள்ள உசிர எடுத்துட்டா. பதினாறு நாள் காத்துக் கெடந்தேன். எங்கய்யா இருந்தப்ப ஒரு காலையில பத்து பன்னெண்டு விழும். இதுக்கு முந்தி எனக்கு ஒண்ணு விழுந்து நாலு வருசமாச்சு." குனிந்து அதன் காலைக் காட்டினார். "பாருங்க, பின்விரல் கெடயாது. மரத்துல ஒக்கார முடியாது. தரையிலதான் பொழப்பு."

அந்தப் பின்விரல் சமாச்சாரம் பூமயிலுக்குத் தெரியாது. தான் ஒரு படத்தை வைத்துக்கொண்டு பாடம் நடத்தியிருப்பது அப்போதுதான் உறைத்தது.

"எங்க பிடிச்சீங்களோ அங்கயே கொண்டுபோய் விடணும். இப்பவே."

பெரிய வாத்தியார் செல்லச்சாமி ஓடிவந்தார். "என்ன டீச்சர் இது? இந்த வாரம் இன்ஸ்பெக்டர் வாராக. ஒரு கோழிக்காக வகுப்பைக் கலைச்சா என்ன எழுதுவாக?"

"கலைக்கல சார். வகுப்பு அங்க நடக்கும்."

பனைநார்க் கட்டை அறுத்தெறிந்துவிட்டுப் பறவையைச் சேலைத் தலைப்பில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். மூன்று மைல். இருபத்து மூன்று பிள்ளைகள் பின்னால் ஓடின. பாதி வழியில் பறவையின் கழுத்து தொய்ந்தது. இதயத்துடிப்பு மட்டும் அவர் கைக்குள் சன்னமாக, மிக வேகமாகத் தெரிந்தது. "இன்னும் எம்புட்டுத் தூரம்?" என்று வீரபத்திரனை நச்சரித்துக்கொண்டே போனார்.

வரகுக்காட்டு ஓரத்தில் இறக்கி வைத்தபோது அது அப்படியே உட்கார்ந்துவிட்டது. பூமயில் அருகே போனார், விலகினார், மறுபடி போனார்.

"தாயி, அசையாதீக," என்றார் வீரபத்திரன் அழுத்தமாக. "நீங்க நடக்க நடக்க அதுக்கு உசிரு போகுது. எல்லாரும் இங்கன ஒக்காருங்க."

பூமயில் உட்கார்ந்தார். ஈரமண்ணில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அரைமணி நேரத்துக்கு மேல். ஓடிப்போய்த் தண்ணீர் காட்டலாமா, தூக்கிப் பார்க்கலாமா என்று உடம்பு பறந்தது. ஒரு பிள்ளைகூட இருமவில்லை. கடைசியில் பறவை எழுந்தது. இடதுகாலைத் தாங்கித் தாங்கி நான்கு எட்டு வைத்தது. நின்றது. பிறகு வரகுத் தாள்கள் அசைய, உள்ளே போய்விட்டது.

"பொழைச்சுக்கிருமா அய்யா?" என்றாள் சோணையம்மாள்.

வீரபத்திரன் மகளைக் கைபிடித்து எழுப்பினார். கால் நொண்டும் பறவைக்கு நரியிருக்கும் காட்டில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் வந்தார், விளக்கம் கேட்டு ஓலை வந்தது. பூமயில் ஒரே வரியில் பதில் எழுதினார்: 'தவறாக நடத்திய பாடத்தைத் திருத்தச் சென்றேன்.' கண்டித்ததோடு விட்டுவிட்டார்கள்.

மறுவாரம் வீரபத்திரனை வகுப்புக்குக் கூப்பிட்டார். உள்ளே வரக் கூச்சப்பட்டு நிலைப்படியிலேயே நின்றுகொண்டு அவர் பேசினார். எந்த மாதத்தில் வரும், எதைத் தின்னும், எத்தனை வகைக் கண்ணி. ஆயுளில் மொத்தம் எத்தனை பிடித்தீர்கள் என்று ஒரு பிள்ளை கேட்டதும் விரல்விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார். போகும்போது பூமயிலிடம், "காடைய விட முடியாது தாயி, கஞ்சிக்கு அதுதான். இது இனி என் கண்ணியில விழுந்தா அவுத்து விட்ருவேன்," என்றார். சொன்னபடி செய்தாரா, அப்படி ஒன்று பிறகு விழுந்ததா என்று பூமயிலுக்குத் தெரியாது. அடுத்த ஆண்டே மாற்றல் கேட்டு எழுதிப் போட்டுவிட்டார்.

பெரியபட்டினம், பிறகு வாலிநோக்கம். உப்பளத்தில் பூநாரைகள் இறங்கும் மாதங்களில் பிள்ளைகளை வரப்புக்கு அப்பாலேயே உட்காரவைத்துக் காட்டுவார். ஒரு முறை, டோடோ பாடம் முடித்திருந்த ஹமீதா பானு என்ற சிறுமி கேட்டாள்: "இதுவும் முடிஞ்சு போகுமா டீச்சர்?"

"தெரியாதும்மா. முடிஞ்சு போனதை நான் பார்த்ததில்ல. முடியப்போற ஒண்ணப் பிடிக்க வச்சிருக்கேன்," என்று மாவிலங்கேந்தல் கதையை ஒன்று விடாமல் சொன்னார். அந்த முதல் நொடிச் சந்தோஷத்தையும் சேர்த்து.

கேட்டு முடித்த பிள்ளைகள் பறவை பிழைத்ததா இல்லையா என்று தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள். பூமயில் பூநாரைகளின் பக்கம் கையைக் காட்டினார். "சத்தம் போடாதீங்க, அங்க கழுத்தைத் தூக்குது பாருங்க," என்றார்.