சர்ச்சு ஐஸ் பெட்டியும் நானும்

"மறுபடியும் வாங்க" என்று வாடிக்கையாளரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாத தொழில் எங்களுடையது. இறந்தவர்களைக் கிடத்தி வைக்கிற ஐஸ் பெட்டியைக் கேட்ட வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்கி, ப்ளக்கைச் செருகி, குளிர் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு வர வேண்டும். உடலை எடுத்த பிறகு போய் எடுத்துவந்து கழுவி வைக்க வேண்டும். பந்தல் போடுகிறவர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்கள், மாலை கட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே தொடருங்கள். நீங்களெல்லாம் என் கட்சி.

தொழில் என்றேனே தவிர, இது சபை ஊழியம். எடப்பாடிப் பக்கத்துத் தறி ஊர் ஒன்றில் எங்கள் ஆலயம் இருக்கிறது. சுற்றிலும் விசைத்தறிப் பட்டறைகள். சித்திரை வெயிலில் யாராவது கண்ணை மூடினால், திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிற பிள்ளைகள் வந்து சேரும்வரை பெட்டிக்காக ஊர் ஊராகப் போன் போட வேண்டியிருந்தது. சபையில் ஒரு பெட்டி வாங்கி வைப்போம், எந்தச் சாதியார் எந்த மதத்தார் கேட்டாலும் கொடுப்போம் என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நான்தான் முன்மொழிந்தேன். முன்மொழிந்தவர் தலையில்தான் வேலை விழும் என்பது எல்லாச் சங்கத்துக்கும் பொதுவான சட்டம். வண்டிக்கு மாரியப்பனின் சின்ன சரக்கு வேன், ஊர்ப் பேச்சில் குட்டியானை. மாரியப்பன் எங்கள் சபைக்காரர் இல்லை, மாரியம்மன் பக்தர். ஆனாலும் பெட்டியின் ஒரு முனையைத் தூக்க அவரும் மறு முனையைத் தூக்க நானும் என்று முதல் நாளே முடிவாகிவிட்டது.

எல்லா வீட்டுக்கும் இந்தப் பெட்டி போக வேண்டும் என்பது என் பிடிவாதம். அதைச் சொன்னபோது இருந்த சுலபம் செய்யும்போது இல்லை.

மூடியின் மேல் சிலுவை

பெட்டி வந்து இறங்கியதும் எங்கள் சபைச் செயலாளர் தேவசகாயம் அண்ணன் முதல் வேலையாகப் பெயின்டரைக் கூப்பிட்டார். மூடியின் மேல் தலை முதல் கால் வரை சிவப்பில் ஒரு சிலுவை. பக்கவாட்டில் சபையின் பெயர், எட்ட நின்று படிக்கிற அளவுக்கு. எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

முதல் அழைப்பு ஆலயத்துக்கு நேர் எதிர் வீட்டிலிருந்தே வந்தது. தறிப்பட்டறை வைத்திருக்கிற செங்கோடன் ஐயாவின் தாயார் தவறிவிட்டார். நானும் மாரியப்பனும் பெட்டியை வாசலில் இறக்கினோம். கூடியிருந்தவர்கள் மூடியைப் பார்த்தார்கள், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் கை கொடுக்க வரவில்லை. செங்கோடன் ஐயா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கேட்டார்: "ஏனுங்கம்மா, எங்காத்தா சாவற வரைக்கும் முருகனையே கும்புட்டவ. இன்னைக்கு ஒரு நா அவள மாத்தோணுமுங்களா?"

தின்னரும் கந்தல் துணியும்

பெட்டியைத் திருப்பி ஏற்றிக்கொண்டு சாலையைத் தாண்டி வந்தேன். அந்தச் சின்ன தூரம் எனக்கு மேட்டூர் வரை நடந்த மாதிரி இருந்தது. அவமானமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்வியை எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தாலும் நியாயமாகவே இருந்தது. மறுநாள் பெயின்டை அழிக்க ஒரு பாட்டில் தின்னரும் கந்தல் துணியும் வாங்கிவந்து மூடியையும் பக்கவாட்டையும் தேய்க்க உட்கார்ந்துவிட்டேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரிந்த அனுமதியைக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை நான்.

கமிட்டியில் என்னை நிற்க வைத்தார்கள். தேவசகாயம் அண்ணன் கண் கலங்கிவிட்டார். "சிலுவையைத் தொடைச்சுப்போட்டு ஊழியம் எதுக்குங்க?" என்றார். அவருடைய வருத்தம் உண்மையானது. அதனால் நானும் சத்தம் போடாமல்தான் கேட்டேன். "ஆண்டவர் சொன்ன கதையில, அடிபட்டுக் கெடந்தவன ஒரு சமாரியன் தன்னோட வாகனத்துல ஏத்திக்கிட்டுப் போனாரே, அந்த வாகனத்துல என்ன எழுதியிருந்துச்சுங்கண்ணா?" கமிட்டி முழுக்க ஆயரைப் பார்த்தது. ஆயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: "வேதத்துல அப்படி ஒண்ணும் போடலீங்க. அதனால நானும் ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க."

கைப்பிரதி

பெட்டி வெள்ளையானது. இரண்டு மூன்று வீடுகளுக்குப் போகவும் தொடங்கியது. அந்தச் சமயத்தில்தான் சங்கத்து ரோஸ்லின் துணைக்கு வருகிறேன் என்று வண்டியில் ஏறினாள். நல்ல பெண், பாடினால் ஆலயமே நிறையும். ஊர்க் கோடியில் தோட்டங்காட்டு வேலைக்குப் போகிற குடும்பம், இறந்தவர் வீட்டுப் பெரியவர். நான் குனிந்து ப்ளக்கைத் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், ஒப்பாரி வைத்து அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைப்பிரதி, இயேசுவைப் பற்றி அச்சடித்த துண்டுத்தாள். ரோஸ்லின் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்துவிட்டாள். ஒப்பாரி நின்றுபோனது.

இறந்தவரின் மகள் எழுந்து வந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, முகமெல்லாம் வீங்கியிருந்தது. கைப்பிரதிகளை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கி, கசங்காமல் ரோஸ்லின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்குப் போட்ட சட்டம்தான் இன்றுவரை எங்கள் சட்டம். பெட்டியை எப்படி வைப்பது என்று கேட்பதைத் தவிர, பெட்டியோடு போகிற யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அழுகை வந்தால் அழலாம், அவ்வளவுதான். ரோஸ்லினும் ஒப்புக்கொண்டாள். இப்போது எங்களில் அதிகம் அழுகிறவள் அவள்தான். அந்த மகள் சொன்னது இது: "அக்கா, எங்கப்பனுக்கு அழுகறதுக்கே எங்களுக்கு நேரம் பத்தலீங்க. உங்க கூட்டத்த அப்பறமா வெச்சுக்குங்க."

சும்மாதான் வந்தீங்களா?

பெட்டி ஊருக்குப் பழகிவிட்டது, நான்தான் பழகவில்லை. என்னை எந்தத் தெருவில் பார்த்தாலும் அங்கே ஒரு பேச்சு நின்றுவிடும். சீமந்தத்துக்குப் போனால் பெண்ணின் பக்கத்தில் எனக்கு மட்டும் நாற்காலி கிடைக்காது. உடம்புக்கு முடியாதவர்களைப் பார்க்கப் போவதை நானாகவே விட்டுவிட்டேன், பாவம், பயந்துவிடுவார்கள். ஒரு நாள் தக்காளி வாங்கப் போனேன். கடைக்காரர் தராசைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே அவருடைய அப்பா இருமும் சத்தம் கேட்டது. நிம்மதியோடு என் பக்கம் திரும்பினார்: "அக்கா, தக்காளிக்கு மட்டுந்தான வந்தீங்க?"

போர்வை

ஒரு வீட்டில் தலைமாட்டில் விளக்கு இருக்க வேண்டும். ஒரு வீட்டில் தலை தெற்கே. ஒரு முஸ்லிம் வீட்டில், மகன் விமானத்தில் வந்துகொண்டிருந்ததால் மட்டும் பெட்டி கேட்டார்கள். எந்தப் பக்கம் வைக்கட்டும் என்று நான் முதலில் கேட்டதற்கே அந்த வீட்டுப் பெரியவர் எனக்கு நாற்காலி எடுத்துப் போடச் சொன்னார். கேட்டுச் செய்தால் பாதி வேலை முடிந்தது என்று கற்றுக்கொண்டேன். ஆனால் மூடியைத் திறந்து திறந்து முகம் பார்க்கிற உறவினர்களை மட்டும் இன்றுவரை எங்களால் வெல்ல முடியவில்லை. மாரியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். அவருக்கு வாயைத் திறக்கக் கூடாது என்ற சட்டம்தான் பெரிய சிலுவை.

அப்படித்தான் ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் மூடியைத் திறக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். குளிர் போய்விடும், திறக்கக் கூடாது என்று மகன்கள் அதட்டினார்கள். இறந்தவர் அவருடைய கணவர். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் புடவைத் தலைப்புக்குள் எதையோ மடித்து வைத்திருந்தார். பழைய கம்பளிப் போர்வை. மாரியப்பனைப் பார்த்தேன். அவரே மூடியைத் தூக்கினார். ஐஸ் பெட்டியில் கம்பளி போர்த்துவது எந்த முறையிலும் சேராது, தெரியும். கழுத்துவரை இழுத்துப் போர்த்திவிட்டேன், என் சட்டப்படி அழவும் செய்தேன். அந்த அம்மா கேட்டது இவ்வளவுதான்: "அவுருக்கு மார்கழிக் குளிரே ஆவாதுங்க. ஒரு போர்வ போத்தி உடுங்க சாமி."

வீடில்லாதவர்

இதுவரை சொன்னதிலெல்லாம் ஒரு வீடு இருந்தது. வீடே இல்லாதவர் இறந்தால் பெட்டியை எங்கே இறக்குவது? ஒடிசாவிலிருந்து தறி ஓட்ட வந்திருந்த ஒருவர் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பெயர் பிகாஷ். அங்கே பிணவறை இல்லை. ஊரிலிருந்து அவருடைய அண்ணன் ரயில் ஏறிவிட்டார், அவர் வந்து முகம் பார்க்கும்வரை உடல் இருக்க வேண்டும். தங்கியிருந்த லைன் வீடுகளின் சொந்தக்காரர், மற்ற குடித்தனங்கள் காலி செய்துவிடும் என்று கேட்டைப் பூட்டிக்கொண்டார். வேலை கொடுத்த முதலாளி ஆஸ்பத்திரி வரை கூடவே இருந்தவர்தான், வீட்டில் வைக்க மட்டும் தயங்கினார். பிகாஷோடு அறையில் தங்கியிருந்த நான்கைந்து பேர் ஆம்புலன்ஸ் பக்கத்தில் நின்றபடி என்னையே பார்த்தார்கள். எங்கே பெட்டியை வைப்பது என்று எனக்கும் தெரியவில்லை. "ஆலயத்துக்கு ஓட்டுங்க" என்றேன்.

ஆலயக் கேட்டில் தேவசகாயம் அண்ணன் சாவியோடு நின்றார். சபை உறுப்பினர் இல்லை, ஞானஸ்நானம் பெற்றவர் இல்லை, அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்கு வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று அடுக்கினார். ஆயர் சேலத்துக்குப் போயிருந்தார். எனக்கு இருந்த பொறுமையெல்லாம் தீர்ந்துவிட்டது. "அண்ணா, பெட்டிய இங்கியே ரோட்டுல எறக்கறேன். நம்ம மீட்டர்ல இருந்து ஒயர் இழுத்து ப்ளக்கு போடறேன். பக்கத்துலயே நானும் உக்காந்துக்கறேன். நாளைக்கு ஆராதனைக்கு வாரவங்க எங்களத் தாண்டிப் போய் ஸ்தோத்திரம் சொல்லட்டும்" என்றேன். சொன்னபடியே தார் ரோட்டில் உட்கார்ந்தும் விட்டேன். மாரியப்பன் நிஜமாகவே ஒயரைத் தேட ஆரம்பித்தார். அண்ணன் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்டைத் திறந்துவிட்டார். ஆலய முகப்பில் பெட்டியை வைத்து, பிகாஷை அதில் கிடத்தினோம். பிகாஷின் நண்பர்களில் ஒருவர் சட்டைக்குள்ளிருந்து கைக்கு அடக்கமான ஜெகந்நாதர் படம் ஒன்றை எடுத்தார். கேட்டுக்கு வெளியே கையைக் காட்டி, தெரிந்த தமிழில் கேட்டார்: "அம்மா, சாமி போட்டோ... அங்க ரோட்ல வெக்கவா?" நான் பதில் சொல்லும் முன்பே தேவசகாயம் அண்ணன் அந்தப் படத்தை அவர் கையிலிருந்து வாங்கிப் பெட்டியின் தலைமாட்டில் நிறுத்தி, காற்றில் சாயாமல் ஒரு செங்கல்லும் வைத்தார்: "உங்க சாமி உங்க ஆளுகிட்டத்தான தம்பி இருக்கோணும்."

எதிர் வரிசை

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் ஒரு சாவு விழுந்தால், உடலை எடுக்கும்வரை அக்கம்பக்கத்துப் பட்டறைகளில் தறியை நிறுத்திவிடுவார்கள். அது அந்தத் தெருக்காரர்களுக்குச் செய்கிற மரியாதை. பேர் தெரியாத வெளிமாநிலத்து ஆளுக்கு, அதுவும் ஆலயத்து முகப்பில் கிடக்கிறவருக்கு, அதை யாரும் எதிர்பார்க்க முடியாது. நானும் எதிர்பார்க்கவில்லை. எதிர்ப் பட்டறைகளின் சத்தத்தில் நண்பர்கள் அழுவதுகூட வெளியே கேட்கவில்லை. பார்த்துவிட்டுப் போக ஒருவரும் வரவில்லை. ஊர் பூராவும் இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தோமே, இந்தப் பையனுக்கு ஒரு ஆள் இல்லையே என்று கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று செங்கோடன் ஐயாவின் பட்டறையில் சத்தம் நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து நான் பதறிப்போய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர் ஏறிக்கொண்டுதான் இருந்தது. அடுத்த பட்டறையும் நின்றது, அதற்கடுத்ததும். அந்த வரிசை முழுக்க அமைதியானது. அப்போதுதான் பிகாஷின் நண்பர்கள் அழுவது எங்கள் காதில் விழுந்தது. செங்கோடன் ஐயா கையில் மாலையோடு சாலையைத் தாண்டி வந்தார். பின்னால் அவர் பட்டறை ஆட்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறி, மாலையைப் பெட்டியின் மேல் வைத்து, தேவசகாயம் அண்ணன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "எதுக்குங்கய்யா தறிய நிறுத்துனீங்க?" என்று கேட்டேன். என்ன கேள்வி இது என்பது போல என்னை நிமிர்ந்து பார்த்தார்: "எழவு ஊட்டுக்கு எதுத்தாப்புல எவனாச்சும் தறி ஓட்டுவானுங்களா அம்மணி?"

பரிசுத்த ஆலயத்தை ஒருவர் எழவு வீடு என்று சொன்னதைத்தான் இந்த ஊழியத்தில் எனக்குக் கிடைத்த பெரிய ஆசீர்வாதமாக வைத்திருக்கிறேன், கமிட்டி அறிக்கையில் அதை எப்படி எழுதுவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.