எதிர்வரிசை நாற்காலி

நாலுகாலாருக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு ஆளைக் கைகாட்டுவார்கள். நாடாளுமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தச்சு வேலையும் மெத்தை வேலையும் நடக்கிற நீளமான அறையில், முப்பத்தொரு வருஷமாக நாற்காலிகளைப் பிரித்து மூட்டிக்கொண்டிருப்பவர். நாற்காலிக்காக அடித்துக்கொள்ளாத அரசியல்வாதி கிடையாது. ஆனால் அதைக் கவிழ்த்துப் போட்டு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தது தான் ஒருவன்தான் என்பது அவருடைய பெருமை. அந்தப் பெருமையில் கொஞ்சம் நியாயமும் இருந்தது.

மனிதர் பழமைவாதி. அதை மறைக்கிற வழக்கமும் இல்லை. சட்டமோ வரியோ பள்ளிக்கூடப் பாடமோ, எவராவது எதையாவது மாற்றப்போகிறேன் என்று கிளம்பினால் அவருக்கு உடனே மூக்குக்கு மேல் கோபம் வரும். "ஏன் அப்படி வெச்சான்னு பார்த்தானா? பார்க்காம எதுக்குக் கை வைக்கிறான்?" என்பார். இது புத்தகம் படித்து வந்த கொள்கை இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு பழைய நாற்காலியில் கோணலாக அடித்திருந்த ஆணி ஒன்றை, அடித்தவனுக்கு அறிவில்லை என்று திட்டிக்கொண்டே பிடுங்கி எறிந்தார். மூன்றாம் நாள் அந்த நாற்காலி பிளந்து ஓர் அமைச்சர் தரையில் உட்கார்ந்தார். விரிசல் விட்ட கட்டையை அத்தனை காலம் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் கோணல் ஆணிதான். அன்றையிலிருந்து உலகத்தில் எந்த ஆணியையும் அவர் அலட்சியமாகப் பிடுங்கியதில்லை, மரியாதையோடுதான்.

உலக விவகாரங்களிலும் அவருக்கு நாற்காலிதான் வழிகாட்டி. பத்திரிகையில் இரண்டு நாட்டுத் தலைவர்கள் கைகுலுக்குகிற படம் வந்தால், முகத்தைப் பார்க்க மாட்டார், கீழே பார்ப்பார்.

"இடப்பக்கத்து ஆளோட நாற்காலி ரெண்டு விரல் தாழ்வு. வேணும்னே போட்டிருக்கான். இந்தச் சமாதானம் நிக்காது."

ஒன்பதாம் நாள் அந்தப் பேச்சுவார்த்தை முறிந்தது. இப்படி நாலைந்து முறை அவர் சொன்னது பலித்ததால், கட்டடத்தில் மின்சார வேலை பார்க்கிற கரண்டு என்பவரே அசந்துபோனார். கரண்டு ஐம்பது வயதுக்காரர், எதிர்க்கட்சியின் பரம பக்தர், நாலுகாலாரோடு தினமும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதே வாதத்தையும் திறக்கிறவர்.

"அண்ணே, நீங்க வெளியுறவுத்துறைக்குப் போயிருக்கணும்."

"அங்க எல்லாம் சுத்துற நாற்காலி. எனக்கு நம்பிக்கை இல்ல."

வீட்டில் மனைவி, ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டு நர்ஸ். இருபத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் யாருக்கு ஓட்டுப் போடுகிறாள் என்று அவள் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. கேட்டால், "ரகசிய ஓட்டுன்னு சட்டம். சட்டத்தை மாத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க" என்று அவர் கொள்கையாலேயே அவரை மடக்கிவிடுவாள்.

இவ்வளவு நேர்மையான மனிதரிடம் ஒரே ஒரு கள்ளத்தனம் இருந்தது. அதையும் சொல்லிவிடத்தான் வேண்டும்.

பதினோரு வருஷத்துக்கு முன் எதிர்க்கட்சித் தலைவரிடமிருந்து ஒரு சீட்டு வந்தது: என் நாற்காலி எழும்போதும் உட்காரும்போதும் சத்தம் போடுகிறது, பார்க்கவும். நாலுகாலார் போய் உட்கார்ந்து பார்த்தார். கிரீச். ஒரு திருகு தளர்ந்திருந்தது. அந்த வாரம்தான் அந்தத் தலைவர், எல்லையை எல்லோருக்கும் திறந்து விட வேண்டும் என்று ஒன்றரை மணி நேரம் பேசியிருந்தார். "கேட்காம திறந்து விடறதுக்கு இது நாடா, ரயில்வே ஸ்டேஷனா?" என்று நாலுகாலார் இரண்டு நாளாகப் பொருமிக்கொண்டிருந்த நேரம் அது. திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, பதிவேட்டில் 'பார்க்கப்பட்டது' என்று எழுதினார். பொய் இல்லை, பார்த்தார்தான்.

அவை நடப்பதைக் கேட்க கீழ்த்தளத்தில் ஒரு ஒலிபெருக்கி உண்டு. எதிர்க்கட்சித் தலைவர் பேச எழும்போதெல்லாம் அதில் முதலில் கிரீச் என்று கேட்கும், பிறகுதான் "மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே" வரும். நாலுகாலார் கையில் இருக்கிற வேலையை நிறுத்தாமல் ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்துக்கொள்வார். விஷயம் மனைவிக்கு மட்டும் தெரியும். "அல்ப சந்தோஷம்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்புறம் அந்த வருஷம் வந்தது. பக்கத்து நாடுகள் இரண்டு மோதிக்கொண்டன. அரசு எல்லையை மூடியது. நாலுகாலாருக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. ஆனால் மூடிய மூன்றாம் வாரம் கூட்டணியிலிருந்த சின்னக் கட்சி கோபித்துக்கொண்டு வெளியேற, அரசின் மேல் நம்பிக்கை இல்லை என்ற தீர்மானம் வந்து நின்றது. கணக்கைப் போட்டுப் பார்க்காத வாய் அந்தக் கட்டடத்தில் இல்லை. எதிர்வரிசையில் எல்லோரும் வந்தால் அரசு ஒரே ஓட்டில் கவிழும். ஒருவர் குறைந்தால் சமம். அவைத்தலைவர் தன் ஓட்டைப் போட்டு அரசைக் காப்பாற்றிவிடுவார்.

அந்த ஒருவர் தாடிக்காரர். எண்பது வயது. முப்பது வருஷமாக நாலுகாலார் திட்டித் தீர்த்த ஆள், ஏனென்றால் கண்ணில் பட்டதையெல்லாம் பிரித்து மாற்ற வேண்டும் என்கிற கட்சி. இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. அவையின் விதியோ பழைய விதி: அவரவர் இருக்கையில் உட்கார்ந்து, அங்கிருக்கிற பொத்தானை அழுத்தினால்தான் ஓட்டு.

ஓட்டெடுப்பு பிற்பகல் மூன்று மணிக்கு. காலை ஒன்பதுக்கு மேற்பார்வையாளர் ஒரு தாளோடு கீழே இறங்கி வந்தார்.

"நாற்பத்தேழாம் நம்பர் இருக்கை. தாடிக்காரரோடது. தாழ்வான இருக்கையில அவரால உட்கார முடியாதாம், மாத்தித் தர முடியுமான்னு கேட்டிருக்காங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "தரையோட முடுக்கின இருக்கை. ரெண்டு நாள் வேலைன்னு நீங்க சொன்னா, நான் அப்படியே எழுதி அனுப்பிடுவேன். உங்க பேச்சுக்கு மறுபேச்சு யாரும் பேசப்போறதில்ல."

"பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார் நாலுகாலார். திருப்புளியை எடுத்துக்கொண்டு படி ஏறினார்.

காலியான அவையில் அவர் எத்தனையோ தடவை தனியாக நின்றிருக்கிறார். அன்றைக்கு மட்டும் உள்ளே கால் வைக்கக் கூசியது. முழு நாடும் தன் திருப்புளியைப் பார்த்துக்கொண்டு நிற்பதாகத் தோன்றியது. 'முடியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தன் கட்சி ஆட்சியில் இருக்கும், எல்லை மூடியே இருக்கும். பொய் என்று நிரூபிக்க நாட்டில் இன்னொரு நாற்காலிக்காரர் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, இடுப்பு ஆபரேஷன் பண்ணின ஆளுக்கு நாற்காலி எப்படி இருக்கணும்?"

"உயரமா இருக்கணும். முழங்காலைவிட இடுப்பு மேல இருக்கணும். மெத்துனு போட்டுடாதீங்க, உள்ள புதைஞ்சா மூட்டு நழுவிடும். கைப்பிடி கெட்டியா இருக்கணும். யாருக்கு?"

"ஒரு உறுப்பினருக்கு."

"உங்க குரல் ஒரு மாதிரி இருக்கே."

"நாற்காலிக்கு அடியில இருக்கேன்."

அவள் பத்திரிகை படிக்கிறவள், எந்த உறுப்பினர் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். "சரி, பார்த்துப் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

இருக்கையின் திருகுகளைக் கழற்றிச் சாய்த்தார். டார்ச்சை அடித்தார். மரச்சட்டத்தின் அடியில் எட்டுத் துளைகள், மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தவை. துளைகளைச் சுற்றி நாலு இடத்தில், கட்டை வைத்திருந்த தடம் சதுரமாக வெளுத்திருந்தது. பக்கத்தில் பென்சில் எழுத்து. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

'உறுப்பினருக்குக் கால் முறிவு. நாலு விரல் உயர்த்தியது.' ஒரு தேதி. அதன் கீழே, 'குணமானார். இறக்கியது.' இன்னொரு தேதி. இரண்டும் நாற்பத்தாறு வருஷத்துக்கு முந்தியவை.

நாலுகாலார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் இந்தக் கட்டடத்துக்கு வருவதற்கு முன்னால், பெயர்கூடப் போடாத ஒருவர், இதே எதிர்வரிசையில், இதே இருக்கையின் அடியில் முதுகு வலிக்கக் குனிந்திருக்கிறார். தான் யாருக்கு ஓட்டுப் போட்டவன் என்று அந்த ஆள் எழுதி வைக்கவில்லை. ஏன் அப்படி அடித்தான் என்று பார்க்க வேண்டும் என்பதுதானே வாழ்நாள் பூராவும் தன் பேச்சு. பார்த்தாயிற்று. ஓர் ஆள் உட்கார வேண்டும், அதற்காக அடித்திருக்கிறான். முன்னால் செய்தது ஒன்று கண்ணெதிரே இருக்கும்போது முடியாது என்று சொல்கிறவன் எந்த விதத்தில் பழமைவாதி?

"சை" என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்தார்.

பழைய தடத்தின் மேலேயே புதுக் கட்டைகளை வைத்தார். இம்மி பிசகாமல் பொருந்தின. கெட்டியான மெத்தை போட்டார், கைப்பிடிகளை இழுத்து ஆட்டிப் பார்த்து முடுக்கினார். பிறகு தானே ஒரு கைத்தடியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை மடக்காமல், பத்துப் பன்னிரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தார். விளக்கு மாற்ற வந்த கரண்டு ஏணி மேலிருந்து இதைப் பார்த்துவிட்டு, கேலி செய்ய வாயெடுத்தவர், என்ன நினைத்தாரோ, விளக்குப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று மணிக்கு ஊழியர்கள் பின்பக்கக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நெருக்கியடித்து நின்றார்கள். தாடிக்காரர் கைத்தடியோடு வந்தார். வாசலிலிருந்து இருக்கைவரை அறுபது அடி. அதைக் கடக்க அவருக்கு ஏழு நிமிஷம் ஆனது. அந்த ஏழு நிமிஷமும் ஆளுங்கட்சி வரிசையில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து மெல்ல இறங்கி உட்கார்ந்தார். முகத்தில் வலி தெரிகிறதா என்று நாலுகாலார் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். தெரியவில்லை. அதில் அவருக்கு வந்த சந்தோஷத்தை அவராலேயே பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பொத்தான்கள் அழுத்தப்பட்டன. பலகையில் எண்கள் வந்தன. ஒரே ஓட்டில் அரசு விழுந்தது.

பிரதமர் எழுந்தார். அவைத்தலைவருக்குத் தலை வணங்கினார். மேஜையிலிருந்த கண்ணாடிக் கூட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். வாசல் காவலர் நேற்று எப்படிக் கதவைத் திறந்து பிடித்தாரோ, அப்படியேதான் இன்றைக்கும் பிடித்தார். அவ்வளவுதான் நடந்தது.

நாலுகாலாருக்குக் கட்சி தோற்ற துக்கம் நெஞ்சை அடைத்தது நிஜம். ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று வந்து நின்றது. ஆட்சி மாறுகிற இதே வேலைக்கு வேறு நாடுகளில் பீரங்கி வண்டி வருகிறது, தெருவில் பிணம் விழுகிறது என்று தினமும் பத்திரிகையில் படிக்கிறவர் அவர். இங்கே ஒரு கிழவர் நடந்து வந்து உட்கார்ந்தார், ஒரு கூட்டம் காத்திருந்தது, நாட்டை ஆண்டவர் கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முப்பத்தொரு வருஷமாக எதைக் கட்டிக் காக்க வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தாரோ அதை முழுசாக இன்றைக்குத்தான் பார்த்ததுபோல் இருந்தது. கண் கலங்கியது. கரண்டு போய் டீ வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தார். தன் கட்சி ஜெயித்ததைப் பற்றி அன்று முழுக்க அவர் மூச்சு விடவில்லை.

ஆறாம் நாள் புது அரசோடு அவை கூடியது. பிரதமர் நாற்காலியில் பழைய எதிர்க்கட்சித் தலைவர். எதிர்வரிசையின் முதல் நாற்காலியில் பழைய பிரதமர். நாலுகாலார் கீழ்த்தளத்தில் ஒரு மெத்தையைத் தைத்துக்கொண்டிருந்தார். தோற்றவர் முதல் முறையாகப் பேசப்போகிறார் என்று அவை முழுக்க அமைதியானது ஒலிபெருக்கியில் தெரிந்தது.

கிரீச்.

ஊசி அவர் விரலில் ஏறியது. அதையும் கவனிக்காமல் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தான் கும்பிடாத குறையாக மதித்த மனிதர், அந்தச் சத்தத்தில் தடுமாறி, முதல் வரியை இரண்டாம் தடவை தொடங்கினார். அன்றைக்கு அவர் நாலு தடவை எழுந்தார். நாலு தடவையும் கேட்டது.

அவை கலைந்ததும் திருப்புளியோடு ஓடினார். நடைகூடத்தில் புதுப் பிரதமர் எதிரே வந்தார். ஒதுங்கி நின்றவரைப் பார்த்து அவரும் நின்றார்.

"நாற்காலி வேலை பார்க்கிறவர் நீங்கதானே?"

"ஆமாங்க ஐயா."

"என் பழைய நாற்காலி கொஞ்சம் கத்தும். எனக்குப் பழகிப்போச்சு. பாவம், அவருக்கு இன்னைக்கு ரொம்பச் சங்கடமாயிடுச்சு. முடிஞ்சா பார்த்து விடுங்க." இரண்டடி போனவர் திரும்பினார். "முன்னாடி ஒரு தடவை எழுதிக் கொடுத்தேன். உங்களுக்கு எவ்வளவு வேலையோன்னு அப்புறம் நான் கேட்கல."

நாலுகாலார் திருப்புளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பிரதமர் தலையசைத்துவிட்டுப் போனார்.

காலியான அவையில் எதிர்வரிசை முன்னால் மண்டியிட்டு, நாற்காலிக்கு அடியில் தலையை நுழைத்தார். அதே திருகுதான். அரைச் சுற்று முடுக்கியதும் இறுகி நின்றுவிட்டது. உட்கார்ந்து எழுந்து பார்த்தார், சத்தமே இல்லை. மறுபடியும் அடியில் குனிந்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பின்னால் வரப்போகிற யாரோ ஒருவருக்காக மரச்சட்டத்தில் எழுதினார்: 'திருகு தளர்வு. அரை நிமிஷ வேலை. தெரிந்தே பதினோரு வருஷம் செய்யவில்லை.' கீழே தேதியும் தன் பெயரும் போட்டார்.