பிலோமினாவின் கணவாய்த் தொக்கு

பிலோமினா போய்விட்டாளாம். தூத்துக்குடியிலிருந்து அவள் மகள் இப்போதுதான் போன் செய்தாள்...

நெய்வேலி குவார்ட்டர்ஸில் என் பக்கத்து வீட்டுக்காரி. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கம். எங்கள் இருவர் வீட்டுக்காரர்களுக்கும் மைன்ஸில் ஒரே ஷிஃப்ட்.

நான் கம்மாபுரம் பக்கம். ஏரி மீன்தான் தெரியும். ஓட்டுக் கணவாய் என்கிற கடல் மீனை அவள் வீட்டில்தான் முதன்முதலில் பார்த்தேன். ஓட்டை உருவி, மைப் பையை உடையாமல் எடுத்துவிடுவாள். கையில் ஒரு சொட்டு கறுப்பு இருக்காது.

ஒருநாள் என் வீட்டுக்காரர் டிபன் பாக்ஸ் மாற்றிச் சாப்பிட்டுவிட்டு வந்தார். "அவங்க வூட்டு கணவாய்த் தொக்கு இன்னா ருசி தெரியுமா... பஞ்சாட்டம் இருக்குது."

என் சமையலை அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. வயிறு எரிந்தது.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் நானே ஒரு கதை கட்டினேன். "கணவாயத் தின்னுட்டு பால் குடுத்தா புள்ளைக்கு ஒடம்பெல்லாம் கரப்பான் படை வருதாம்." பிளாக் முழுக்க நம்பியது. பிலோமினா கொடுத்தனுப்பிய கிண்ணங்கள் தொடாமலே திரும்பிப் போயின.

எனக்குச் சந்தோஷம். மறைக்க என்ன இருக்கிறது...

அடுத்த மாதம் எனக்குப் பிரசவம். ரத்தம் குறைந்து எழுந்து நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவள் பிலோமினாதான்.

"கணவாய் குடுக்கலாமா டாக்டர்? பிள்ளைக்கு கரப்பான் வரும்னு சொல்லுதாவ." என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"யார் சொன்னது? ஒத்துக்கிட்டா தாராளமா குடுங்க. புரதம் நிறைய, இரும்புச் சத்து இருக்கு, கொழுப்பும் கம்மி" என்றார் லேடி டாக்டர்.

பத்து நாள் அவளே சமைத்துக் கொண்டுவந்தாள். மிளகு, பூண்டு, சின்ன வெங்காயம். "ஒண்ணு சட்டுனு வதக்கி எறக்கணும், இல்ல நின்னு வேகணும். ரெண்டுக்கும் நடுவுல எடுத்தா ரப்பருதான்" என்பாள்.

மூன்றாம் நாள் என்னால் மனசில் வைத்திருக்க முடியவில்லை. "அந்தப் பேச்சக் கௌப்புனது நான்தான்" என்றேன்.

"தெரியும். சாப்பிடுட்டி, ஆறிரும்."

திட்டியிருக்கலாம்... அவளால் அப்படி இருக்க முடிந்ததே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

பிறகு எத்தனையோ முறை நானும் செய்தேன். என் வீட்டுக்காரர் கடைசிவரை "நல்லாத்தான் இருக்குது" என்று மட்டும் சொல்வார். அந்த "தான்" எனக்குக் கேட்கும்.

அங்கே வாசல் கொள்ளாத கூட்டமாம். தெருவே அழுகிறதாம். அவள் மகள் சொல்லச் சொல்ல, இந்த வயதிலும் எனக்கு உள்ளே சுருக்கென்றது.

போய் வா பிலோமினா...