டிரைவரம்மாவின் இரண்டு சீட்டு வண்டி

பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள் சொந்தத்துக்கு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் ஜனங்கள் பார்க்கிற பார்வையைப் பார்த்தால், அப்படி ஒரு சட்டம் இருந்து, அதை டிரைவரம்மா ஒருத்திதான் துணிந்து மீறிக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றும். ஐம்பத்தெட்டு வயது. குட்டையான உருவம், கழுத்தில் விசில், காலில் கான்வாஸ் ஷூ. டிரைவரம்மா என்பது பேருந்துப் பிள்ளைகள் வைத்த பெயர். அது எப்படியோ வீட்டுக்குள்ளும் நுழைந்து, இப்போது கணவரே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

வண்டி அடர்பச்சை. துணிக் கூரை, இரண்டே சீட்டு, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். மகள் கல்லூரியில் சேர்ந்த வருஷம் ஒரு பல் டாக்டரிடமிருந்து வாங்கினாள். அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு, வண்டியிலிருந்து இறங்க இரண்டு ஆள் தேவைப்பட்டதாம். "நாலு பேர் போக முடியாத வண்டி எதுக்கு?" என்று அன்றைக்குக் கேட்காதவர் இல்லை. டிரைவரம்மா எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்.

"வாரம் பூரா நாப்பது சீட்டை இழுக்கறேன். எனக்குன்னு வரும்போது ரெண்டு போதும். அதுலயும் ஒண்ணு அதிகப்படி."

அந்த அதிகப்படி சீட்டு கணவருடையது. நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நெட்டை மனிதர். எப்போதாவது ஏறி உட்கார்ந்தால் முழங்கால் முகவாயைத் தொடும். கூரை கிழிந்த இடத்தை டிரைவரம்மாவே தடித்த நூலால் தைத்திருந்தாள். மழை நாளில் தையல் வழியாகச் சொட்டுவது சரியாக அவர் தலையில்தான். அதற்காக அவர் வண்டிக்குள் குடை விரித்த கதையைச் சொல்லி மகள் இன்றைக்கும் சிரிப்பாள்.

வண்டிக்கு வாலு என்று பெயர். பெயருக்கு ஏற்ற குணம். காலை வேளையில் இரண்டாவது கியர் விழாது, கொஞ்சம் கெஞ்ச வேண்டும். இடது கண்ணாடியை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்தால்தான் மேலே ஏறும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கூரையை மடித்துப் போட்டுவிட்டுக் கிளம்பினால், டிரைவரம்மா மதியச் சாப்பாட்டுக்குத்தான் வீடு திரும்புவாள். கையில் ஒரு பை இருக்காது, ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தேன் என்ற பேச்சும் இருக்காது.

"எங்கம்மா போனே?"

"ரோட்டுக்கு."

அதற்கு மேல் கேட்டால் பதில் வராது. சொல்லவும் ஒன்றுமில்லை. ஏரியைச் சுற்றி வளைந்து வளைந்து போகிற சாலை இருக்கிறது. அதில் போவாள், வருவாள், மனசு இருந்தால் இன்னொரு முறை போவாள். அவ்வளவுதான்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் அவளுடைய பேருந்தில் ஒரு நாள் ஏறிப் பார்க்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நிர்வாகம் எல்லாப் பேருந்திலும் ஒரு பெட்டியை மாட்டியது. ஓட்டுகிறவரின் முகத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதுதான் அதன் வேலை. வேகம் கொஞ்சம் கூடினால் கத்தும். கண்ணைச் சற்று மூடினால் கத்தும். கொட்டாவி விட்டால் அதை எண்ணி வைத்துத் திங்கட்கிழமை மேற்பார்வையாளரிடம் கோள் சொல்லும். "போன வாரம் கொட்டாவி கொஞ்சம் அதிகம்" என்று அந்த மனிதர் சொன்னபோது, "கொட்டாவி விட்டேன், ஒரு பிள்ளையையும் நடுரோட்டுல விடலியே" என்று டிரைவரம்மா திருப்பிக் கொடுத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. பெட்டிக்கு அதெல்லாம் தெரியாது.

தொழிலில் அவளுக்கு ஊறிப்போன பழக்கம் ஒன்று உண்டு. வண்டி நின்றதும் உடம்பை முழுக்கத் திருப்பிப் பின்னால் பார்ப்பாள். கடைசி நிறுத்தம் முடிந்ததும் கடைசி சீட்டுவரை நடந்து போய்க் குனிந்தும் பார்ப்பாள். தூங்கிப்போன பிள்ளை எதுவும் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது அல்லவா? இந்தப் பழக்கம் வாலுவிலும் விடவில்லை. ஏரிக்கரையில் நிறுத்தியதும் சடக்கென்று பின்னால் திரும்பிவிடுவாள். அங்கே மடித்துப் போட்ட கூரைத் துணியைத் தவிர என்ன இருக்கப்போகிறது? தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்வாள்.

சிக்கலைக் கொண்டுவந்தது இடது முழங்கால். முதலில் படி இறங்கும்போது வலித்தது, பிறகு உட்கார்ந்தால் வலித்தது, அதற்கப்புறம் வலிக்காத நேரத்தைத் தேட வேண்டியிருந்தது. எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கிளட்ச் மிதிக்கிறதைக் குறைங்க. இல்லேன்னா ஆபரேஷன்ல கொண்டுபோய் விட்டுடும்" என்றார்.

மகள் பிசியோதெரபிஸ்ட். அவள் கையில் இந்த வாக்கியம் கிடைத்தது போதாதா? அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

"அம்மா, வாலுவை மாத்திடலாம். அதே கம்பெனில புது மாடல் வந்திருக்கு. அதே ரெண்டு சீட்டு, அதே பச்சை. கியர் தானா மாறும், இடது கால் சும்மா இருக்கும்."

"பஸ்லயும்தான் கிளட்ச் மிதிக்கிறேன்" என்றாள் டிரைவரம்மா. "ஒரு நிறுத்தத்துக்கு எத்தனை மிதின்னு தெரியுமா உனக்கு? அது கல்லு மாதிரி இருக்கும். வாலு ஞாயித்துக்கிழமை மட்டுந்தானே?"

"அது வேலைம்மா."

வேலைக்குப் போய் முட்டி தேய்ந்தால் அது கடமை, ஆசைக்கு ஓட்டி முட்டி தேய்ந்தால் அது கொழுப்பு! இந்தக் கணக்கை யார் போட்டுக் கொடுத்தார்களோ தெரியாது, ஆனால் எல்லா வீட்டிலும் இதே கணக்குத்தான் நடக்கிறது. டிரைவரம்மா சாப்பாட்டு மேசைக்கு எதிரே இருந்த கணவரைப் பார்த்தாள். அவர் வழக்கம்போல "உன் இஷ்டம்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சனிக்கிழமைக்கு மாப்பிள்ளை ஷோரூமில் நேரம் வாங்கிவிட்டார். நல்ல பையன், மாமியார் மேல் நிஜமாகவே அக்கறை உள்ளவர். அதனால்தான் அவரைச் சமாளிப்பது கஷ்டம். வாலுவை எடுத்துக்கொண்டு டிரைவரம்மா முன்னால் போக, மற்ற மூவரும் மாப்பிள்ளையின் காரில் பின்னால் போனார்கள்.

ஷோரூம் முழுக்கக் கண்ணாடி. மதிப்புப் போடுகிற ஆள் வாலுவைச் சுற்றிச் சுற்றி வந்து போனில் படம் எடுத்தார். கூரைத் தையலை விரலால் தடவி, "இது என்ன மேடம்?" என்றார்.

"தையல். சட்டை கிழிஞ்சா நீங்க தைக்க மாட்டீங்களா?"

அவர் அதற்கப்புறம் எதையும் தடவவில்லை.

ஓட்டிப் பார்க்கக் கொடுத்த புது வண்டியைக் குறை சொல்ல முடியாது. டிரைவரம்மா நியாயம் தெரிந்தவள், அதை மனசுக்குள் ஒத்துக்கொண்டாள். சீட்டு அவளுக்கென்றே அளவெடுத்த மாதிரி இருந்தது. மிதித்ததும் துள்ளிப் பாய்ந்தது. இடது கால் விருந்துக்கு வந்த ஆள் மாதிரி நீட்டிக்கொண்டு கிடந்தது, வலி என்பதே இல்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வலி இல்லாமல் ஓட்டுகிறோம் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. வாங்கிவிடலாம் என்றுகூட நினைத்தாள்.

"இன்ஜின் சத்தம் நல்லா இருக்கே" என்றாள் பக்கத்தில் இருந்த விற்பனைப் பையனிடம்.

"ஸ்பீக்கர்லேருந்து வருது மேடம். வேணும்னா குறைச்சுக்கலாம்."

அவள் திடுக்கிட்டுப்போனாள். சிக்னலில் வண்டி நின்றது. பழக்கம் விடுமா? உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். உடனே டங் என்று ஒரு மணி. திரையில் இரண்டு கண் படம் வந்தது. தேன் குழைத்த பெண் குரல் ஒன்று, "தயவுசெய்து சாலையைக் கவனியுங்கள்" என்றது.

"வண்டி நிக்குதே" என்றாள் டிரைவரம்மா.

"கேமரா மேடம். உங்க பாதுகாப்புக்குத்தான். கண் எங்க போகுதுன்னு பார்த்துக்கிட்டே இருக்கும்."

திரும்பி வந்து இறங்கியபோது மாப்பிள்ளை முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தார். கையில் போன்.

"சூப்பர் அத்தை! இப்பவே என் போன்ல இணைச்சுக் குடுத்துட்டாங்க. நீங்க எங்க இருக்கீங்க, எவ்வளவு வேகம், எல்லாம் இங்க தெரியுது. பாருங்க, 'ஓட்டுநரின் கவனம் சிதறியது'ன்னு வந்திருக்கு. இனிமே ஞாயித்துக்கிழமை நாங்க கவலையே பட வேண்டாம்."

டிரைவரம்மா அந்த வரியைப் படித்தாள். வாரம் பூரா ஒரு பெட்டி அவள் முகத்தை முறைத்துக்கொண்டு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பாதி நாள்தான் அவள் முகம் அவளுக்குச் சொந்தம். கொட்டாவி விடலாம், பாடலாம், அழலாம், யாருக்கும் தகவல் போகாது. அதைப் பச்சைப் பெயின்ட் அடித்துப் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறார்களே!

"இந்த வண்டி எனக்கு வேண்டாம்" என்றாள்.

"அத்தை, அந்த ஆப் வேண்டாம்னா எடுத்துடலாம்..."

"கேமராவை எடுக்க முடியுமா?" என்று விற்பனைப் பையனைக் கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான். "அப்போ வேண்டாம். மாப்பிள்ளை, உங்க மனசு எனக்குத் தெரியும். ஆனா என்னைப் பார்த்துக்கிட்டே இருக்க ஏற்கெனவே ஒருத்தன் இருக்கான். இன்னொருத்தனை நானே விலை குடுத்து வாங்க மாட்டேன்."

மகளுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஷோரூம் என்றும் பார்க்காமல் குரலை உயர்த்தினாள். "சரிம்மா, வேண்டாம். முட்டிக்கு என்ன பதில்? கிளட்சைக் குறைக்கணும்னு டாக்டர் சொன்னாரே, எங்க குறைப்பே? நடக்க முடியாம கட்டில்ல கிடந்தா யாரு பாக்கறது? நான் தினமும் அந்த மாதிரி ஆளுங்களைத்தான் பாக்கறேன். எனக்குப் பயமா இருக்கு, புரியுதா?"

கடைசி வரியில் குரல் உடைந்தது. டிரைவரம்மாவின் வீம்பு அங்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது. மகள் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. வாலுவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வழி நெடுக முட்டி வலித்தது.

திங்கட்கிழமை பேருந்தில் ஒவ்வொரு மிதியையும் கவனித்தாள். நிறுத்தம், மிதி. திருப்பம், மிதி. பள்ளிக்கூட வாசல் நெரிசலில் மட்டும் ஏரியைப் பல முறை சுற்றி வருகிற அளவுக்கு மிதி. இத்தனை நாளும் இது கண்ணுக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்துதான் இருந்தது. பேருந்தை விடுவது என்பது அவளுக்கே நினைக்கக் கூடாத காரியமாக இருந்தது, அவ்வளவுதான். பிள்ளைகள் மேல் உயிர் அவளுக்கு. முன் பல் விழுந்ததை முதலில் அவளிடம் காட்டுகிற கூட்டம் அது.

மாலையில் எல்லோரையும் இறக்கிவிட்டுக் கடைசி சீட்டுவரை நடந்தாள். ஒரு தண்ணீர் பாட்டில் கிடந்தது, யாரும் தூங்கவில்லை. அந்தச் சீட்டில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். பெட்டி அவ்வளவு தூரம் பார்க்காது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக மேற்பார்வையாளர் அறைக்குப் போனாள். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறதே என்று அவர் பதறினார். இருக்கட்டும் என்றாள். பள்ளியில் இந்தப் பருவம் முடிகிறவரை ஓட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். ஷோரூம் சண்டையைச் சமாதானப்படுத்தும் எண்ணம். டிரைவரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"டாக்டர் சொன்னபடி கிளட்சைக் குறைச்சுட்டேன். பஸ்ஸை விட்டுட்டேன்."

மாப்பிள்ளை கையில் எடுத்த டம்ளர் அப்படியே நின்றது. மகள் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, நீயாவது ஏதாவது சொல்லேன்!"

கணவர் நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டார். "அவ நம்மகிட்ட கேக்கலம்மா. சொல்றா" என்றார். டிரைவரம்மாவுக்கு அந்த மனிதரை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

மகள் விடவில்லை. "யாராவது காருக்காக வேலையை விடுவாங்களா? இத்தனை வருஷம் ஓட்டிட்டு, இனிமே என்னம்மா பண்ணப்போறே?"

"வண்டி ஓட்டப்போறேன்" என்றாள் டிரைவரம்மா.